மலையில் மரம் செத்தால் வெருகலுக்கு என்ன?

வாகரைப் பக்கத்து ஆட்களுக்கு மலை என்றால் சுற்றுலா. பஸ் பிடித்து நுவரெலியா போவோம், நடுங்கிக்கொண்டு நாலு போட்டோ எடுப்போம், திரும்பி வந்துவிடுவோம். நம்மட பக்கம் கண்ணுக்குத் தெரிகிற பெரிய மலை குடும்பிமலைதான். ஆகவே ஹோட்டன் சமவெளி மரங்களைப் பற்றி நான் எழுதினால், "சேருக்கு வேற வேலை இல்லையா?" என்று சிலர் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். விசயம் நம்மட ஆற்றடியில்தான் வந்து முடியும்.

வெருகல் ஆறு தனி ஆறு இல்லை. அது மகாவலியின் ஒரு கிளை. 335 கிலோமீற்றர் ஓடுகிற மகாவலியின் ஒரு தலையூற்று ஹோட்டன் சமவெளியில், கடல் மட்டத்திலிருந்து 2100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. களனி கங்கைக்கும் வளவை கங்கைக்கும் அங்கேதான் ஊற்று. நம்மட நாட்டின் தண்ணீர்த் தாங்கி அந்த மேட்டுநிலம்தான்.

அங்குள்ள மரங்கள் நாம் பார்த்துப் பழகிய மரங்கள் மாதிரி இல்லை. குட்டையாக, குடை விரித்த மாதிரி இருக்கும். இலை சின்னதாகத் தடிப்பாக இருக்கும். கிளையெல்லாம் பாசி. "கீன" என்று சிங்களத்தில் சொல்லும் மரம் அங்கே நிறைய உண்டு. சிவப்புப் பூப் பூக்கிற காட்டுப்பூவரசும் உண்டு, அதைச் சிங்களத்தில் "மஹரத்மல" என்பார்கள். நம்மட கடற்கரைப் பூவரசுக்கும் அதற்கும் பெயரில் மட்டும்தான் சொந்தம். ஒன்று வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் பிறந்தது, மற்றது குளிருக்கும் முகிலுக்கும் பிறந்தது. அந்த மலைக்காட்டு மரங்கள் பல உலகத்தில் வேறு எங்கும் இல்லாதவை.

இப்போது கணக்குக்கு வருவோம். உயரம் 100 மீற்றர் கூடினால் வெப்பநிலை ஏறக்குறைய 0.65 பாகை செல்சியஸ் குறையும். இதைத் தலைகீழாகப் பாருங்கள். பூமி 1 பாகை சூடானால், ஒரு மரம் பழகிய அதே குளிரைத் தேடி ஏறக்குறைய 150 மீற்றர் மேலே போக வேண்டும். மரம் நடக்காது. அதன் விதைதான் போக வேண்டும். குருவி தின்று எச்சமிட்டு, காற்று தூக்கிப் போட்டு, முளைத்து, வளர்ந்து, பூத்து, காய்க்க வேண்டும். அதற்குப் பல வருசம் எடுக்கும். பற்றைகளும் புல்லும் சீக்கிரம் ஏறிவிடும், மரம் பிந்தும். ஐரோப்பாவில் 302 மலையுச்சிகளின் பழைய பதிவுகளைப் புதிய பதிவுகளோடு ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வந்தது. கீழேயிருந்து மேலேறிய தாவரங்களால் உச்சிகளில் இனங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, அதுவும் அண்மைக் காலத்தில் வேகமாக, என்று அது காட்டியது.

அங்கே இன்னும் ஏற இடம் இருக்கிறது. நமக்கு? நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகாலையே 2524 மீற்றர்தான். 2300 மீற்றரில் நிற்கிற மரத்துக்கு இன்னும் 200 மீற்றர் சொச்சம்தான் மிச்சம். அதுவும் பக்கத்து மலை அல்ல, இடையில் பள்ளத்தாக்கும் தேயிலையும் ஊர்களும் கிடக்கின்றன. மலை மேலே போகப் போக ஒடுங்கும், ஆகவே ஏறுகிறவனுக்குக் காணி குறைந்துகொண்டே வரும். உச்சிக்கு மேலே ஆகாயம்தான்.

இது நமக்குப் புதுக் கதை இல்லை. நம்மட கண்ணாக்காட்டுக்கும் இதே கதைதான். கடல் ஏறினால் கண்ணா மரம் கரைப்பக்கம் பின்வாங்க வேண்டும். பின்னால் வீதியும் மதிலும் இறால் பண்ணையும் இருந்தால் எங்கே போகும்? மலை மரத்துக்கு மேலே இடமில்லை, கண்ணாவுக்குப் பின்னாலே இடமில்லை.

1978 என்றால் நம்மட ஆட்களுக்கு சூறாவளி. அதே 1978இல்தான் ஹோட்டன் சமவெளிப் பக்கம் தொட்டுபொல மலையில் மரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்து சாவதைப் பற்றிய முதல் எழுத்துப் பதிவு வந்தது. அதற்குப் பிறகு பலர் ஆராய்ந்தார்கள். மண்ணின் அமிலத்தன்மை, சத்துக் குறைவு, தண்ணீர்ப் பற்றாக்குறை, பட்டையைக் கடிக்கிற மரை என்று பல காரணங்கள் சொன்னார்கள். எல்லாப் பழியையும் காலநிலை மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் ஏற்கனவே நோயாளியாக இருக்கிறவனுக்குக் காய்ச்சலும் வந்தால் எப்படி? சூடு கூடுவது அந்தக் காட்டுக்கு அப்படித்தான்.

அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு தடவை அங்கே போனோம். மழை பெய்யவில்லை. வெளியில் நின்றவனின் சட்டையில் ஈரம் மட்டும்தான், மரத்தின் கீழ் நின்ற என் தோளில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இலையும் பாசியும் முகிலைச் சீப்பால் வாரி எடுக்கிற மாதிரி நீரைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. அன்று அதை வேடிக்கையாகத்தான் பார்த்தேன். பிள்ளைகளுக்கு நீர்ச்சக்கரம் படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் பெறுமதி விளங்கியது. காற்று சூடானால் முகில் படியும் உயரமும் மேலே போகும். முகில் மேலே போனால் மரம் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. மரமே செத்தால் முகில் வந்தும் பயனில்லை.

மகாவலியில் வருகிற தண்ணீரின் பெரும்பங்கு மழைதான். கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை என்று அணைகளும் நடுவில் நிற்கின்றன. ஆகவே மலையில் ஒரு மரம் விழுந்தால் நாளைக்கே வெருகல் வற்றும் என்று நான் சொல்ல வரவில்லை. மழையில்லாத மாதங்களில் ஊற்றுக் காயாமல் வைத்திருப்பது அந்தக் காடும் அதன் பஞ்சு மாதிரி மண்ணும்தான். பெருமழையில் தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்து வராமல் பிடித்து வைப்பதும் அதுதான். ஆறு மெலிந்தால் முகத்துவாரத்தால் உப்புநீர் உள்ளே ஏறும். ஆறு பெருத்தால் வயல் அழியும். இரண்டையும் கதிரவெளி, வெருகல் பக்கத்து விவசாயிக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

போன மாதம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், மலைநாட்டு ஆக்கள் மரத்தைப் பாத்துக்கொள்ளட்டும். நாம என்ன செய்யிற?" நல்ல கேள்வி. நாம் இங்கேயிருந்து கீன மரம் நடப்போவதில்லை. ஆனால் கண்ணா மரத்துக்குப் பின்னால் மதில் கட்டாமல் இடம் விடலாம். சுற்றுலா போகிறவர்கள் ஹோட்டன் சமவெளியில் பாதையை விட்டு இறங்காமல், பொலித்தீன் போடாமல், கிளை முறிக்காமல் வரலாம். 1988இல் தேசிய பூங்காவாகிய இடம், 2010இல் உலக மரபுரிமையாகவும் ஆன இடம். நாம் எறிகிற குப்பை நம்மட தலையூற்றில்தான் விழுகிறது.

இன்னொன்றும் தொடங்கியிருக்கிறோம். எங்கட வகுப்பில் ஒரு சீஆர் கொப்பி வைத்திருக்கிறோம். ஊரில் வேம்பு எந்தத் திகதி பூத்தது, மாமரம் எப்போது பூத்தது, வளவுக் கிணறு எந்த மாதம் உவர்த்தது என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். பத்து வருசம் தொடர்ந்தால் அது ஒரு ஆவணம். மற்றப் பாடசாலை ஆசிரியர்களும் ஒரு கொப்பி தொடங்குங்கள். செலவு ஒன்றுமில்லை, முதல் பக்கத்தில் திகதி போட்டால் போதும்.