மந்திரவாதியின் தாடி

ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இரண்டாவது முறையாகத் திருத்தங்களோடு திரும்பி வந்தது. திருத்தங்கள் நியாயமானவை, அதனால்தான் கூடுதலாக வலித்தது. அன்றிரவு, நாகரபாவியில் நாங்கள் மூவர் சேர்ந்து குடியிருக்கும் வாடகை வீட்டில், மடிக்கணினியை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருந்தேன். வேதியியலில் ஆய்வு செய்யும் குண்டூர்த் தோழி ஒன்றும் கேட்கவில்லை. தன் கணினியில் ‘பாதாள பைரவி’யின் தெலுங்கு வடிவத்தை ஓடவிட்டாள். ஹாசன்காரத் தோழி சோற்றுத் தட்டோடு வந்து பக்கத்தில் அமர்ந்தாள்.

பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தயாரித்து, கே. வி. ரெட்டி இயக்கி, தெலுங்கிலும் தமிழிலும் 1951இல் வெளிவந்த படம் இது. உஜ்ஜயினி அரண்மனைத் தோட்டக்காரியின் மகன் இளவரசியைக் காதலிக்கிறான். செல்வந்தனாகத் திரும்பி வந்தால்தான் பெண் என்கிறான் அரசன். அதே வேளையில், பாதாள பைரவிக்குப் பலிகொடுக்க ஒரு துணிச்சல்காரனைத் தேடி நேபாள மாந்திரீகன் ஒருவன் வந்து சேர்கிறான். பலிக்குப் பரிசு, கேட்டதையெல்லாம் தரும் ஒரு சிறு சிலை. மிச்சத்தை நீங்களே ஊகிக்கலாம். ஊகித்தது ஏறக்குறைய அப்படியே நடக்கும். அதுதான் சுகம்.

படம் தொடங்கிக் கால்மணி நேரத்தில் என் கை குறிப்பேட்டைத் தேடியது. வ்ளாதிமிர் ப்ராப், ருஷ்ய மாயக்கதைகளை ஆராய்ந்து 1928இல் எழுதிய நூலில், அவற்றின் நிகழ்வுகளை 31 செயற்கூறுகளாகவும் பாத்திரங்களை 7 செயற்களங்களாகவும் வகுத்தார் அல்லவா? நாயகன் வீட்டைவிட்டு வெளியேறுதல், மாயப்பொருள் கைக்கு வருதல் என்று நான் எண்ணத் தொடங்கிவிட்டேன். இந்த மாந்திரீகன் கெடுதல் செய்பவனா, மாயப்பொருளை அடைய வழிசெய்பவனா? இரண்டும்தான் என்று தோன்றியதும், “இதில் ஒரு கட்டுரை இருக்கிறது” என்று உரக்கவே சொல்லிவிட்டேன். குண்டூர்க்காரி குறிப்பேட்டைப் பிடுங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. சென்ற ஆண்டு தாத்தா இறந்தபோது அம்மா தொலைபேசியில், “தாத்தா போயிட்டாங்கடி” என்றாள். அந்தக் கணத்தில் என் மனம் முதலில் பற்றிக்கொண்டது ‘விடு’ என்னும் துணைவினையை. செயல் முற்றிலும் முடிந்துவிட்டது, இனி மீட்க இயலாது என்பதை அது எவ்வளவு சிக்கனமாகச் சொல்கிறது என்று ஒரு நொடி வியந்தேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த ஒரு நொடியை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. முதுகலையில் மொழியியல் சேர்ந்த நாள்முதல் என் செவி எனக்கே முழுதாகச் சொந்தமில்லை.

குறிப்பேடு போனபின் படத்தை வெறுமனே பார்த்தேன். எஸ். வி. ரங்காராவின் மாந்திரீகன் அலட்சியமாக நடக்கிறான்; அலட்சியமாகச் சொற்களை உருட்டுகிறான். படம் வெளியானபோது அந்த நடிகருக்கு 33 வயது நிரம்பவில்லை என்பதை நம்பவே முடியாது. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் குகையும் புகையும் பைரவியின் பெரிய உருவமும் அட்டை என்று தெரிந்தும் மிரட்டுகின்றன. என். டி. ராமராவ் வாளைச் சுழற்றும்போது ஹாசன்காரி தட்டில் தாளம் போட்டாள்.

இந்தக் கதை அவளுக்கு முன்பே தெரிந்ததுபோல் இருந்ததாம். வியப்பில்லை. இதே நாகி ரெட்டியும் சக்ரபாணியும்தான் 1947இல் தெலுங்கில் ‘சந்தமாமா’வையும் தமிழில் ‘அம்புலிமாமா’வையும் தொடங்கியவர்கள். பின்னர் கன்னடத்திலும் அது வந்தது. மூன்று மொழிகளில் வளர்ந்த நாங்கள் மூவரும் குழந்தைப் பருவத்தில் ஒரே மந்திரவாதிக்குத்தான் பயந்திருக்கிறோம்.

கடைசிப் பகுதிதான் உச்சம். உலகையே ஆட்டிப்படைக்கும் மாந்திரீகனின் சக்தி முழுவதும் அவனுடைய தாடியில் இருக்கிறது. நாயகனின் தோழன் அஞ்சி, மாந்திரீகனின் சீடனைப்போல உருமாறி வந்து, தாடியை மழித்தால் இளவரசி மயங்குவாள் என்று ஆசைகாட்டுகிறான். இவனும் நம்பி மழித்துக்கொள்கிறான்! அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் எல்லாவற்றையும் இழந்து, மழுமழு முகத்தோடு விழிக்கும் அந்த வல்லாளனைக் கண்டு நாங்கள் சிரித்த சிரிப்பில், மேல்தளத்து வீட்டுக்காரம்மா கன்னடத்தில் அதட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்போது மனத்தில் எந்தச் செயற்கூறும் இல்லை.

மறுநாள் துறையில் இதைச் சொன்னபோது, “நாட்டார் வழக்காறும் பாலினமும் என்ற கோணத்தில் எழுதலாமே” என்றார் ஒரு நண்பர். நல்ல கோணம்தான். 1952இல் நடந்த இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் இப்படம் திரையிடப்பட்டது என்று முன்னுரை தொடங்கினால் கட்டுரைக்குக் கனமும் கிடைக்கும். நான் எழுதப் போவதில்லை. பொழுதுபோக்கு என்ற சொல்லை நம் வட்டாரத்தில் நாம் ஏதோ குற்றச்சாட்டைப்போல உச்சரிக்கிறோம். அன்றைய பொழுது எனக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் போயிற்று.

மூன்றாம் இயல் இன்னும் திருந்தவில்லை. வரும் சனிக்கிழமை ‘மாயா பஜார்’ பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது. குறிப்பேட்டை என் அறையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்பது நிபந்தனை.