சூடும் வேகமும்

சூலியா தெருவில் வாழ்வோருக்கு வெப்பத்தைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டுவதில்லை. எங்கள் வீடு அகலம் குறைந்து நீளம் மிகுந்த பழைய கடைவீடு. வாசலில் ஐந்தடி நடைபாதை. நடுவில் வானம் பார்த்த முற்றம். அந்நாளைய கொத்தனார்கள் சூடான காற்று மேலெழுந்து வெளியேற வழி வைத்தே கட்டினார்கள். அப்படியிருந்தும் பிற்பகல் இரண்டு மணிக்கு மாடியறையில் வெப்பமானி 32 பாகையைத் தொட்டு நிற்கும். குளிர்சாதனம் என் அறையிலும் இல்லை, மகன் அறையிலும் இல்லை. இந்த விவரம் பின்னால் தேவைப்படும் என்பதனால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் என் மகன் எங்கள் தெருவிலுள்ள நாசி கண்டார் கடையொன்றில் நான்கு மாதம் வேலை செய்தான். விளையாட்டுக் கணினி வாங்கப் பணம் சேர்க்கிறான் என்பது எனக்குத் தெரியும். இரண்டாண்டுகளாக அதனை மறுத்து வந்தவன் நான். சபைக்கூடலில் மாணவர்களை நிறுத்தி வைத்துக் கணினி விளையாட்டின் கேடுகளை எடுத்துரைத்தவனும் நானே. ஆனால், தட்டுக் கழுவிச் சேர்த்த பணத்தை ஒருவன் மேசைமேல் வைக்கும்போது அந்தப் பழைய உரை நாவில் எழவில்லை.

“பட்டியலைக் காட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்” என்றேன். ஆசிரியப் புத்தி எங்கே போகும்!

பட்டியலின் தலையில் இன்டெல் கோர் ஐ9-14900கே என்ற செயலி இருந்தது. அடுத்து, 360 மில்லிமீட்டர் நீளமுள்ள திரவக் குளிர்விப்பான்.

“ஏன் இது?”

“இதுதான் பெரியது, அப்பா.”

பாடத்தைப் படிக்காத மாணவன் சொல்லும் விடை அது. நானும் படிக்காதவனே, ஆகவே இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினோம்.

அவன் வாங்க எண்ணிய திரை ஒரு நொடிக்கு 240 முறை படத்தைப் புதுப்பிப்பது. சாதாரணத் திரை 60 முறை புதுப்பிக்கும். வகுத்துப் பார்த்தால், சாதாரணத் திரையில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி கிடைக்கிறது. இவன் திரையிலோ 4.17 மில்லிநொடிதான். அதற்குள் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது என்பதையெல்லாம் செயலி கணித்து, வரையும் பணியை வரைகலை அட்டைக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கத் தாமதித்தால், எவ்வளவு விலையுயர்ந்த அட்டையும் கைகட்டிக் காத்திருக்கும். துப்பாக்கி விளையாட்டுகளில் இவன்போன்ற பிள்ளைகள் படத்தின் நுணுக்கத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வேகத்தையே நாடுவதால், சுமை பெரிதும் செயலியின் தலையில்தான் விழுகிறது.

இங்கே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு செய்தி. கணினி மதிப்பீடுகளில் நொடிக்கு இத்தனை படம் என்று சராசரியைப் போடுகிறார்கள். வகுப்புச் சராசரி 70 என்றால் எத்தனை பேர் தோற்றார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை அல்லவா? அதே கதைதான். இடையிடையே ஒரு படம் பதினைந்து மில்லிநொடி தாமதித்தால், சராசரி அசையாது. ஆனால் விளையாடுபவன் கண் அந்தத் திக்கலை உணர்ந்துவிடும். ஆகவே மிகத் தாழ்ந்த நூற்றிலொரு பங்குப் படங்களின் வேகத்தைத் தனியே தருகிறார்கள். மகனுக்கு நான் சொல்லிக்கொடுக்க முடிந்தது அந்த ஒன்றுதான். மற்றவற்றை அவனே எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

கொம்தாருக்கு அருகில் ஒரு கடையில் என் பழைய மாணவன் ஒருவன் வேலை பார்க்கிறான். பட்டியலைப் பார்த்துச் சிரித்தான்.

“ஐயா, இது படம் வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு நல்லது. தம்பி விளையாடத்தானே கேட்கிறார்?”

அவன் காட்டியது ஏஎம்டி நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 7800எக்ஸ்3டி. முன்னதற்கு 24 கருக்கள். இதற்கு எட்டே கருக்கள். ஆனால் இதில் கருக்கள் உள்ள சில்லின் மேலேயே 64 மெகாபைட் நினைவகம் தனித் தகடாக அடுக்கப்பட்டு, மூன்றாம் நிலை விரைவு நினைவகம் மொத்தம் 96 மெகாபைட் ஆகிறது. முன்னதில் அது 36 மெகாபைட். விளையாட்டில் செயலிக்குத் தேவைப்படும் தகவல்கள் சிதறிக் கிடப்பவை; ஒவ்வொன்றுக்கும் வெளியிலுள்ள நினைவகத்துக்கு ஓடினால் பல மடங்கு நேரம் வீணாகும். பாடம் நடத்துகையில் வேண்டிய நூல் மேசைமேல் இருப்பதற்கும், ஒவ்வொரு வரிக்கும் நூலகத்துக்குப் படியிறங்கிப் போவதற்கும் உள்ள வேறுபாடுதான்.

அடுத்ததுதான் எங்கள் வீட்டுக்கு முக்கியம். அந்தப் பெரிய செயலி உச்ச வேகத்தில் 253 வாட் வரை மின்சாரம் குடிக்கும். சிறியது விளையாட்டின்போது நூறு வாட்டைத் தொடுவதே அரிது. குடித்த மின்சாரம் முழுவதும் வெப்பமாக வெளியேறியாக வேண்டும். மகன் இதுவரை எண்ணியிருந்தது, திரவக் குளிர்விப்பான் வெப்பத்தை அழித்துவிடும் என்று. அது அழிப்பதில்லை, செயலியிடமிருந்து வாங்கி அறைக்குள் கொட்டுகிறது. சாளரம் ஒன்றே உள்ள மாடியறையில், அந்த வெப்பத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டியவன் அவனே. எந்தக் குளிர்விப்பானும், காற்றோ திரவமோ, அறையின் வெப்பத்துக்குக் கீழே செயலியைக் கொண்டுபோக இயலாது. மேலைநாட்டு மதிப்பீட்டாளர்கள் 21, 22 பாகை அறையில் அளந்து 70 என்று எழுதினால், எங்கள் அறையில் அதனை 80 என்று வாசிக்க வேண்டும். இந்தச் செயலிக்கு ஏஎம்டி விதித்த எல்லை 89 பாகை. மேலே அடுக்கிய நினைவகத் தகடு வெப்பம் வெளியேறுவதைச் சற்றே தடுப்பதால் அவ்வெல்லையைத் தாழ்வாக வைத்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி செயலியில் அந்தத் தகட்டைக் கருக்களுக்கு அடியில் மாற்றி வைத்துக் குறையை நீக்கினார்கள்; அதன் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை.

முடிவில் 7800எக்ஸ்3டியும், செப்புக் குழாய்கள் ஆறும் இரண்டு விசிறிகளும் கொண்ட காற்றுக் குளிர்விப்பானும் வாங்கினோம். திரவத்தை மறுத்ததற்கு மகன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வண்ண விளக்குகள் போயின என்ற வருத்தம் அது, அறிவியல் அன்று. நீர் இறைக்கும் பொறி ஒருநாள் நிற்கும், விசிறி நின்றால் முப்பது ரிங்கிட்டில் மாற்றலாம் என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

கணினியைப் பொருத்திய ஞாயிற்றுக்கிழமை என் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். மகன் செயலியைப் பெட்டியிலிருந்து எடுக்கக் கை நீட்டினான்.

“ஐயா, நில்! முதலில் இரும்பைத் தொடு. உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கட்டும். பிறகு விளிம்பைப் பிடித்துத் தூக்கு.”

அவன் திகைத்தான். நானும்தான்.

1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வட்டாரம் அமைந்தபோது இன்டெல்லும் ஏஎம்டியும் அங்கே ஆலை தொடங்கின. பிற நிறுவனங்களும் வந்தன. அங்கிருந்த ஆலையொன்றில் 1979இல் அக்கா சேர்ந்தபோது அவருக்கு வயது 19. சில்லிலிருந்து வெளிக்கால்களுக்குத் தலைமயிரினும் மெல்லிய பொற்கம்பியை இணைக்கும் வேலை. நாள் முழுதும் நுண்ணோக்கியில் கண். நான் ஆறாம் படிவம் முடித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போகும்வரை என் புத்தகமும் உடையும் அந்தச் சம்பளத்தில் வந்தவை. பினாங்கின் தொழில் வளர்ச்சி என்று எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அக்காவிடம், அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மகன் செயலியை அவர் உள்ளங்கையில் வைத்தான். கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், சாளரத்துப் பக்கம் திருப்பினார்.

“எழுத்துத் தெரியவில்லை, ஐயா. என்ன போட்டிருக்கிறது?”

“தைவானில் வார்த்தது, மலேசியாவில் செய்தது என்று போட்டிருக்கிறது, அத்தை.”

ஏஎம்டி தொடங்கிய அந்தப் பினாங்கு ஆலை 2016 முதல் சீனாவின் டோங்ஃபூ நிறுவனத்துடனான கூட்டுத் தொழிலாக நடக்கிறது. அது அங்கிருந்து வந்ததா என்று அக்கா கேட்டார். இருக்கலாம் என்றேன். இப்போது பொற்கம்பி இல்லை, ஆயிரக்கணக்கான பற்றாசுப் புள்ளிகள் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொள்கின்றன என்று மகன் விளக்கினான். “அப்படியானால் கண் பிழைக்கும்” என்றார். பிறகு அவனே வெப்பப் பசையைப் பட்டாணி அளவு வைத்துக் குளிர்விப்பானை இறுக்கினான். எழுத்து மறைந்தது.

முதல் நாள் பிற்பகல் ஒரு மணி நேரம் விளையாடியபோது 82 பாகை காட்டியது. குளிர்விப்பானைக் குறை சொன்னான். நான் மேசைக்கடியில் கை விட்டுப் பார்த்தேன். பெட்டியின் முதுகு சுவரை ஒட்டியிருந்தது. வெளியேறிய சூடான காற்றையே பெட்டி மீண்டும் உள்ளிழுத்தது. மேசையை முற்றத்துப் பக்கம் நகர்த்தி, சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு முழம் விட்டோம். 73 ஆயிற்று.

அடுத்த வாரம் வந்த அக்காவிடம் மகன் அந்த எண்ணைப் பெருமையோடு காட்டினான்.

“73ஆ?” என்றார். “ஆலையில் 125 பாகை அடுப்பில் மணிக்கணக்காக வைத்து எடுப்போம், ஐயா. அதில் பிழைத்ததுதான் பெட்டிக்குப் போகும். நீ விளையாடு.”