நம்ம தெரு மண்ணு

எங்க மாமா வைத்திருப்பது 1984ஆம் வருச அம்பாசிடர். போன மழைக்குப் பிறகு திண்டிவனம் ரோட்டில் எழுபதைத் தாண்டியதும் ஸ்டீரிங் கிடுகிடுவென நடுங்கியது. தொண்ணூறை நெருங்கினால் குறைந்தது. ஒர்க்‌ஷாப்பில் பார்த்தவர்கள், ஸ்டீரிங்கையே மாற்ற வேண்டும் என்றார்கள். இவருக்கு என்ன தெரியப் போகிறது என்ற நினைப்பு.

மாமா அஞ்சாவதோடு நின்றவர். "ஸ்டீரிங் நடுங்குனா முன்சக்கரம். சீட்டு நடுங்குனா பின்சக்கரம். பிரேக் புடிக்கிறப்ப மட்டும்னா டிரம்மு. ஒரு வேகத்துல வந்து அப்புறம் அடங்குதுன்னா சக்கரத்துல எடை ஒரு பக்கமா இருக்கு" என்றார். ஜாக்கி போட்டு முன்சக்கரங்களை மேலும் கீழும், பக்கவாட்டிலும் பிடித்து அசைத்துப் பார்த்தார். பேரிங்கும் டை ராடும் நல்லாத்தான் இருந்தன. பிறகு கழற்றினார். ஒரு ரிம்மின் உள்பக்கத்தில், ஒரே இடத்தில் கையளவு சேறு காய்ந்து இறுகியிருந்தது.

"நம்ம தெரு மண்ணு, மருமவனே!"

ஊர்த்தெரு வரைக்கும் தார். சேரிக்குள் சேறு. ஈரத்தோடு நிறுத்திய வண்டியில் சேறு கீழே இறங்கிக் காய்ந்திருக்கிறது. திருப்புளியால் சுரண்டிப்போட்டார். நடுக்கம் நின்றது.

எம்.ஏ. தமிழ் படித்த நான் ரோடு கேட்டு எத்தனையோ மனு எழுதியவன். அடுத்த மனுவில் இந்தச் சேற்றையும் எழுதினேன். தெரு இன்னும் மண்தான். மழை விட்டதும் மாமா சக்கரத்தைக் கழற்றுகிறார்.