தராசும் வானொலிப் பெட்டியும்

அரசாணைகள் பல நாம் அறியாமலே பிறக்கின்றன. நாம் அறியாமலே மறைந்தும் போகின்றன. ஆயினும் ஒருசில ஆணைகள், அவை வாழ்ந்த நாட்கள் சிலவேயாயினும், குடும்பத்தார் கூடியமர்ந்து சிந்திக்கத்தக்க கேள்வி ஒன்றை நம் வாசலில் வைத்துவிட்டுச் செல்கின்றன. 2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாளிட்ட ஆணை அத்தகையது. இந்தியாவில் விற்கப்படும் புதிய கைப்பேசி ஒவ்வொன்றிலும் 'சஞ்சார் சாத்தி' என்னும் அரசுச் செயலியைத் தொண்ணூறு நாட்களுக்குள் பதித்துத் தரவேண்டும் என்றும், அதன் இயக்கத்தை முடக்கவோ கட்டுப்படுத்தவோ இடமிருத்தலாகாது என்றும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை கைப்பேசி நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 3ஆம் நாள் அக்கட்டாயம் விலக்கிக் கொள்ளப்பட்டது.

அன்றிரவு எங்கள் இல்லத்தில் பேச்சு நீண்டது. "முடிந்துபோன காரியத்திற்கு இத்தனை பேச்சா, தாத்தா?" என்று பேரப்பிள்ளைகள் நகைத்தனர். நாங்களோ, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு சம்பவத்தை நினைத்துக் கொண்டிருந்தோம். அதனைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். வாசக அன்பர்களுக்கும் சொல்ல விழைகிறோம்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில் பயணம் செய்தோர் எங்கள் நார்த்தாமலையின் கரும்பாறைக் குன்றுகளைக் கண்டிருப்பர். மேலமலைமேல் நிற்கும் விசயாலய சோழீச்சுரத்தைக் காண இன்றும் வெளியூரார் வருகின்றனர். பங்குனித் திருவிழாவில் முத்துமாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டமோ சொல்லி முடியாது. அக்குன்றுகளின் அடிவாரத்தில், ஆரம்பப் பாடசாலை ஆசிரியரான எங்கள் தந்தையாரின் சிறு வீட்டில், நாங்கள் மூவர் பிள்ளைகளாய் வளர்ந்தோம். தந்தையார் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய மர்பி வானொலிப் பெட்டி ஒன்றே அவ்வீட்டின் ஆடம்பரம். திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டிலேயே தொடங்கியதாகையால் அதன் ஒலி எங்களுக்குத் தெளிவாகவே கேட்கும். தில்லியிலிருந்து சரோஜ் நாராயணஸ்வாமி அவர்கள் செய்தி வாசிக்கையில் திண்ணையில் பத்துப்பேர் கூடிவிடுவர். இலங்கை வானொலியின் பாடல்களுக்குப் பிள்ளைகள் காத்திருப்போம். மணிலாவிலிருந்து வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்கவென்றே தந்தையார் கூரைமீது ஏரியல் கம்பி கட்டியிருந்தார்.

அக்காலத்தில் வானொலிப் பெட்டியைக் கடையில் விலைகொடுத்து வாங்கிவிட்டால் போதாது. அதனை வீட்டில் வைத்திருக்க அரசின் உரிமம் வேண்டும். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும், 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் இதற்கு ஆதாரம். இரண்டுமே வெள்ளையர் இயற்றியவை. சிறு புத்தகம் ஒன்று தருவார்கள். ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பதினைந்து ரூபாய் செலுத்தி, அதற்குரிய வில்லையை அப்புத்தகத்தில் ஒட்டி முத்திரை பெறவேண்டும். தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஐம்பது ரூபாய். உரிமமின்றி வைத்திருப்போருக்குத் தண்டம் விதிக்கவும், பெட்டியைக் கைப்பற்றவும் சட்டம் இடந்தந்தது.

1978ஆம் ஆண்டு என்பது எங்கள் நினைவு. மழை பொய்த்த காலம். பாட்டியின் மருத்துவச் செலவு வேறு. எனவே எங்கள் வீட்டு உரிமம் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. ஒருநாள் முற்பகலில், உரிமம் சோதிக்கும் அலுவலர் ஒருவர் ஊருக்குள் வந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து சொன்னான். தந்தையார் பள்ளியில் இருந்தார். தாயார் ஒரு கணம் திகைத்து நின்றார். பின்பு பெட்டியைத் துணியில் சுற்றி நெற்குதிருக்குள் இறக்கினார். அலுவலர் திண்ணையில் அமர்ந்து நீர்மோர் அருந்தினார். "ரேடியோ உண்டா அம்மா?" என்று வினவினார். "இல்லைங்க ஐயா" என்றார் தாயார். அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். "அந்தக் கம்பி துணி உலர்த்தவா, அம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

தாயாரின் முகம் கவிழ்ந்ததை நாங்கள் மூவரும் கதவோரத்தில் நின்று கண்டோம். அலுவலர் நல்லவர், பத்து நாட்களுக்குள் பணம் கட்டிவிடும்படி சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர்மீது எங்களுக்கு அன்றும் குறையில்லை, இன்றும் குறையில்லை. ஆனால் பொய் சொன்னால் பட்டினி என்று எங்களை அடக்கி வளர்த்த தாயார், பிள்ளைகள் பார்க்கப் பொய் சொன்னார். அந்தச் சனிக்கிழமை அவர் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்கு நடந்தார். அங்கே சொன்னது அவருக்கும் ஆண்டவருக்கும் இடைப்பட்டது. திங்கட்கிழமை காலை, கோழி விற்ற பணத்தைத் தந்தையாரிடம் கொடுத்து உரிமத்தைப் புதுப்பித்து வரச்சொன்னார் என்பதை மட்டும் நாங்கள் அறிவோம்.

எவரையும் ஏமாற்றாத, எவருக்கும் தீங்கு செய்யாத ஒரு குடும்பத்தலைவி, தன் சொந்தப் பொருளைத் தன் வீட்டிலேயே ஒளித்து வைக்கும்படி நேர்ந்ததே, அது ஏன்? ஒலிபரப்பை நடத்தப் பணம் வேண்டும் என்று அரசு கூறியது. அது நியாயமே. ஆனால் பணம் திரட்டும் வழிகள் எத்தனையோ இருக்க, எந்த வீட்டில் எந்தப் பெட்டி இருக்கிறது என்று ஏட்டில் எழுதி வைப்பது எதற்கு? 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நீடித்த நெருக்கடி நிலையின்போது, நாம் காசு கொடுத்துக் கேட்ட அதே வானொலி அரசு விரும்பிய செய்தியை மட்டுமே சொன்னது. நம் ஊரில் சிலர் இலண்டன் தமிழோசையைக் குரல் தாழ்த்தி வைத்துக் கேட்டனர். கேட்பது குற்றமன்று, ஆயினும் உள்ளூர அச்சம். பெட்டி வைத்திருப்போர் பெயர்ப்பட்டியல் அரசின் கையில் இருந்தால் அவ்வச்சம் எளிதில் வந்துவிடுகிறது. பின்னர் 1980களின் நடுவில் அவ்வுரிமமுறை அடியோடு நீக்கப்பட்டது. அதனால் வானொலி நின்றுவிடவில்லை, அரசும் கவிழ்ந்துவிடவில்லை. அதற்காக ஒருவரும் கண்ணீர் சிந்தியதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

அப்படியானால் அரசு எதிலுமே தலையிடலாகாது என்போமா? அவ்வாறு சொல்வோருடன் எங்களுக்கு உடன்பாடில்லை. சந்தைக்குச் செல்லுங்கள். கடைக்காரரின் தராசையும் எடைக்கற்களையும் காலந்தோறும் சோதித்து முத்திரையிடுவதும் அரசுதான். அந்த முத்திரை இல்லையேல், கூலிக்காரி வாங்கும் ஒரு கிலோ அரிசியில் அரைப்பிடி குறையும். அவள் யாரிடம் முறையிடுவாள்? எங்கள் ஊர் சோழர் காலத்தில் பெரிய வணிக நகரமாய் விளங்கியது. தெலுங்ககுலகாலபுரம் என்று கல்வெட்டுகள் அதனைக் குறிக்கின்றன. நகரத்தார் மலை என்பதே நார்த்தாமலை ஆயிற்று என்றும் சொல்வர். வணிகம் நிகழும் இடத்தில் நிறைகோல் நேராயிருக்க வேண்டும் என்பதை இம்மண்ணுக்கு எவரும் புதிதாய்க் கற்பிக்கத் தேவையில்லை. மின்சலவைப் பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, மருந்துப் புட்டியில் காலாவதி நாள் ஆகியனவும் இவ்வகையினவே. இவை விற்பவரைக் கட்டுப்படுத்தி வாங்குபவரைக் காக்கின்றன. வானொலி உரிமமோ வாங்கியவரையே கண்காணித்தது, எவரையும் காக்கவில்லை. புதிதாக வரும் எந்த விதியையும் எடைபோட, தராசின் முத்திரையா, வானொலியின் உரிமமா என்று எங்கள் இல்லத்தில் கேட்டுப் பார்ப்பதுண்டு.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். நியாயமாகப் பேச வேண்டுமாதலால், சஞ்சார் சாத்தியால் நாங்கள் பெற்ற நன்மையை முதலில் சொல்லிவிடுகிறோம். எங்கள் இளையவர் திருவிழாக் கூட்டத்தில் தம் கைப்பேசியைப் பறிகொடுத்தார். காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து, அதன் நகலுடன், 2023 மே மாதம் தொடங்கப்பட்ட அந்த அரசு இணையதளத்தில் பதிவுசெய்தார். ஒவ்வொரு கைப்பேசிக்கும் பதினைந்து இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. அதனைக் கொண்டு கருவியை முடக்கி விடுகிறார்கள். திருடியவர் வேறு சிம் அட்டையைச் செருகினாலும் அது பயன்படாது. அவ்வாறு செருகும்போது துப்பும் கிடைக்கிறது. சில மாதங்களில் கைப்பேசி திரும்பி வந்தது. நம் பெயரில் நாம் அறியாமல் வேறு எவரேனும் சிம் அட்டை வாங்கியிருக்கிறார்களா என்பதையும் அதிலேயே காணலாம். அடையாள எண் இல்லாத கைப்பேசிகளின் இணைப்பை 2009ஆம் ஆண்டின் இறுதியில் அரசு துண்டித்ததும் நல்ல செயலே. அவ்வெண் பொருளின்மேல் இடப்பட்ட முத்திரை. தராசின் முத்திரைக்கு உறவுடையது.

பின் ஏன் அந்த நவம்பர் ஆணையைக் கண்டு நாங்கள் கலங்கினோம்? கைப்பேசி என்பது இன்று வெறும் கருவியன்று. அதில் நம் குடும்பப் படங்கள் உள்ளன. வங்கிக் கணக்கு உள்ளது. மகளின் திருமணப் பேச்சு, மகனின் கடன், மருத்துவரின் சீட்டு யாவும் உள்ளன. அப்படிப்பட்ட இடத்தில், நல்லவராகவே இருக்கட்டும், அலுவலர் ஒருவர் வந்தமர்ந்து, "நான் எழுந்து போகமாட்டேன்; என்னை எழுப்பவும் உமக்கு உரிமையில்லை" என்று சொன்னால் எப்படியிருக்கும்? வேண்டாதோர் அச்செயலியை நீக்கிக் கொள்ளலாம் என்று எதிர்ப்பு எழுந்த பின்னர் அமைச்சர் கூறினார். ஆணையின் வாசகமோ வேறாயிருந்தது. இன்று திருட்டைத் தடுக்க அமர்ந்தவர் நாளை எதைக் காணும்படி பணிக்கப்படுவார் என்பதற்கு அவ்வாணையில் உறுதி ஏதும் இல்லை. அன்று எங்கள் திண்ணைக்கு வந்த அலுவலராவது மோர் குடித்துவிட்டு எழுந்து சென்றார்.

இயந்திரத்தின் சொல் மனிதனின் சொல்லை வெல்லும்போது துன்புறுவோர் எளியோரே என்பதற்கும் எங்கள் ஊரில் சான்று உண்டு. 2020ஆம் ஆண்டில் நம் மாநில நியாயவிலைக் கடைகளுக்கு விரல்ரேகை இயந்திரம் வந்தது. போலிகளைத் தடுப்பது நோக்கம், அதிலும் குறையில்லை. ஆனால் எங்கள் தெருவில் வாழ்ந்த முதியவர் ஒருவர் வாழ்நாள் முழுவதும் கல்லுடைத்தவர். அவர் விரல்களில் ரேகையே தேய்ந்து போயிருந்தது. கடையில் அவரை அறியாதவர் எவருமில்லை. இயந்திரத்திற்கு மட்டும் அவரைத் தெரியவில்லை. மும்முறை வெறும் பையுடன் திரும்பி வந்தார். நான்காம் முறை அவர் மருமகள் கூலி வேலையை விட்டுவிட்டுச் சென்று ரேகை வைத்தார். விதி வகுத்தோர் கல்லுடைக்கும் கையை ஒருமுறை பற்றிப் பார்த்திருந்தால், இயந்திரத்தோடு மாற்று வழியையும் முதல் நாளிலேயே அனுப்பியிருப்பர்.

தனிவாழ்வின் மறைவு அரசியலமைப்புச் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதற்கேற்பத் தனிநபர் தரவுகளைக் காக்க 2023இல் சட்டமும் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் அச்சட்டத்திலேயே, தன் துறைகளுள் தான் விரும்பியவற்றிற்கு விலக்களிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் வழங்கப்பட்டுள்ளது. கடைக்காரரின் தராசுக்கு அரசு முத்திரையிடுகிறது. அரசின் தராசுக்கு முத்திரையிடுவோர் யார்?

குற்றம் முழுவதையும் அரசின்மேல் போட்டுவிட்டு நாம் தூயவராய் நிற்கவும் இயலாது. ஏதோ ஒரு விளையாட்டுக்காக, நம் உறவினர் அனைவரின் எண்களையும் முன்பின் அறியாத நிறுவனத்திற்குத் திறந்து காட்டுகிறோம். 'அனுமதி' என்று கேட்டவுடன் வாசிக்காமலே விரலால் தொட்டுவிடுகிறோம். வீட்டுக் கதவை நாமே திறந்து போட்டால், நுழைபவரைக் கேள்வி கேட்கும் துணிவு நமக்கு எங்கிருந்து வரும்?

ஆகவே குடும்பத் தலைவர்களுக்கும் தாய்மார்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இது. புதிய விதி ஒன்று வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் கேட்கக் கற்றுக் கொடுங்கள். இவ்விதி யாரைக் காக்கிறது? வேண்டாதபோது விலகிக்கொள்ள வழி உண்டா? அதனை நடத்துவோர் தவறினால் அவர்களைக் கேட்பார் உண்டா? மூன்றிற்கும் நேர்மையான விடை கிடைக்குமாயின், சிறிது தொல்லையாயினும் அவ்விதிக்குக் கீழ்ப்படிவது நம் கடமை. கிடைக்காவிடில், மரியாதையோடும் அச்சமின்றியும் கேட்பதும் நம் கடமையே. அன்று டிசம்பரில் மக்கள் கேட்டார்கள். ஐந்தே நாளில் பதில் வந்தது. எங்கள் தாயார் காலத்தில் அதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சஞ்சார் சாத்திச் செயலி இன்று எங்கள் கைப்பேசியில் இருக்கிறது. எங்கள் இளையவரே அதனைத் தேடி இறக்கிப் பதித்தார். வேண்டாதபோது எடுத்துவிடலாம் என்பதால் வைத்திருக்கிறோம். தந்தையாரின் உரிமப் புத்தகமும் வில்லைகள் உதிராமல் அலமாரியில் இருக்கிறது. அதில் இரண்டு பக்கங்கள் வெறுமையாய் உள்ளன. அவை எந்த ஆண்டுகளுக்கு உரியவை என்று பேரப்பிள்ளைகள் கேட்டார்கள். பாட்டியம்மா பொய் சொன்ன கதையை அப்போதுதான் சொன்னோம், அவர்கள் சிரிக்கவில்லை.