யானைமேல் துஞ்சிய இளவரசன்

ஜனவரி 24, சனி. கிராமம்

தக்கோலம் போர்க்களத்தைப் பார்க்கக் கிளம்பிய நண்பர்கள் நாங்கள். ஆனால் பயணத்தைத் தெற்கே, தென்பெண்ணைப் பக்கமிருந்து தொடங்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். 949இல் தக்கோலத்தில் மோதிய சோழப்படை பல ஆண்டுகள் பாளையமிறங்கிக் காத்திருந்தது இந்தத் திருமுனைப்பாடி நாட்டில்தான். சோழ மன்னன் பராந்தகன் வாணர்களையும் வைதும்பர்களையும் நாட்டைப் பறித்துத் துரத்தினான். அவர்கள் ராஷ்டிரகூடர்களிடம் போய் அடைக்கலம் புகுந்தார்கள். வடக்கிலிருந்து என்றைக்காவது அடி விழும் என்று பராந்தகனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் மகன் ராஜாதித்தனை யானை, குதிரை, மலைநாட்டு வீரர்களோடு திருநாவலூர்ப் பகுதியில் நிறுத்தினான்.

கிராமம் என்பதே இந்த ஊரின் பெயர். சிவன் கோயில் கல்வெட்டு கலியுகம் 4044 என்று ஆண்டு சொல்கிறது, அதாவது 943. அதோடு விடவில்லை. கலி பிறந்து 14,77,037ஆவது நாள் என்று நாள் கணக்கையும் பொறித்திருக்கிறது. பராந்தகன் பட்டமேறிய ஆண்டை ஆய்வாளர்கள் உறுதி செய்ய இந்தக் கணக்குதான் உதவியது. கோயிலைக் கற்றளியாக எடுத்தவர் ராஜாதித்தனின் பெரும்படை நாயகர், மலைநாட்டுப் புத்தூரைச் சேர்ந்த வெள்ளங்குமரன். ஆறு ஆண்டுகள் கழித்துத் தக்கோலத்தில் தலைவன் ராஜாதித்தன் விழுந்த அன்று இவர் ஏன் பக்கத்தில் இல்லை? களத்துக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்புத்தான்.

ஜனவரி 25, ஞாயிறு. தக்கோலம்

நேற்று நின்ற இடத்திலிருந்து இது நூறு கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு தூரம் படையை நகர்த்தி வந்து இங்கே ஏன் தடுக்க வேண்டும்? ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் புரிகிறது. வடக்கிலிருந்து வருகிறவன் காஞ்சியைத் தொட இதைத் தாண்டியாக வேண்டும்; தெற்கே காஞ்சி எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் மறைப்பில்லாத சமவெளி. யானைப் படைக்கும் குதிரைப் படைக்கும் வாகான தரை. ஒதுங்கவோ ஒளியவோ இடமில்லை.

வரப்பில் நின்று வரைபடத்தை விரித்தபோது, களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து கேட்டார்.

“இன்னா சார், நெலம் அளக்க வந்துகிறீங்களா?”

“இல்லம்மா. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி இங்க ஒரு பெரிய சண்டை நடந்துச்சு. அதைப் பார்க்க வந்தோம்.”

“யாரு கெலிச்சாங்க?”

“வடக்கேருந்து வந்தவங்க. நம்ம பக்கத்து இளவரசன் யானை மேலயே செத்துட்டான்.”

“பெத்தவங்க இருந்தாங்களா சார் அப்போ?”

படிக்கிற எந்தப் புத்தகத்திலும் நான் கேட்டுப் பார்க்காத கேள்வி. தாயின் பெயர் கோக்கிழானடிகள் என்றேன். தகப்பன் பராந்தகன் இருந்தான், மகன் சாவுக்குப் பிறகும் சில ஆண்டுகள் உயிரோடு இருந்தான் என்றேன். “பாவம்” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார்.

ராஜாதித்தன் எப்படிச் செத்தான் என்பதில் இரண்டு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. சோழர்களின் ஆனைமங்கலச் செப்பேடு, பகைவர் படையைக் கலங்கடித்த அவன் மார்பில் ராஷ்டிரகூடப் பேரரசன் கிருஷ்ணராஜனின் கூரிய அம்புகள் பாய்ந்தன என்கிறது. கர்நாடகத்தின் ஆதகூர் நடுகல்லோ, கொன்றது ராஷ்டிரகூடர் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன் என்கிறது. அதற்குப் பரிசாகப் பனவாசி பன்னீராயிரம் உள்ளிட்ட பெரும் நிலப்பகுதிகளைப் பூதுகன் பெற்றான். என் மனம் ஆதகூர்ப் பக்கமே சாய்கிறது. அந்தக் கல் போர் நடந்த கையோடு நட்டது. செப்பேடு அரை நூற்றாண்டுக்கு மேல் பிந்தியது. மகன் பேரரசனின் கையால்தான் மாண்டான் என்று எழுதுவதில் தோற்ற குடும்பத்துக்கு ஓர் ஆறுதலும் இருந்திருக்கும்.

இரண்டும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் அந்த மரணம். யானை மேல் இருக்கும் தலைவனைப் படை முழுக்கப் பார்க்கும்; பார்க்கிறவரை தைரியம் நிற்கும். எதிரி வில்லாளிகளும் அவனைத்தான் பார்ப்பார்கள். அம்பாரி காலியாகிவிட்டால், போர் என்ன ஆயிற்று என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சோழப் படையை உடைத்தது அந்தக் கணம்தான் என்று நம்புகிறேன்.

களம் இது என்று சொல்லும் ஒரு பலகைகூட வயல் பக்கம் என் கண்ணில் படவில்லை. ஆனால் இங்குள்ள மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைப் பயிற்சி மையத்துக்கு 2025இல் ராஜாதித்த சோழன் பெயரை வைத்திருக்கிறார்கள். தோற்றவன் பெயரை வீரர்கள் பயிலும் இடத்துக்கு வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மாலையில் ஜலநாதீசுவரர் கோயில். அடித்தளக் கல்வெட்டுகளில் சில எழுத்துகளின் பள்ளத்தில் பழைய சுண்ணாம்பு கெட்டியாக அடைந்து கிடக்கிறது. பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மட்டும் கால், கொம்பு எல்லாம் நிழலாக எழுந்து வருகின்றன. வெளிச்சத்தை நேராகப் பிடித்தால் வெறும் கல்.

ஜனவரி 26, திங்கள். திருவொற்றியூர்

வெள்ளங்குமரனின் கதை இங்கேதான் முடிகிறது. தலைவனோடு சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்ற வெட்கத்தில் கங்கையில் நீராடி, துறவு பூண்டு, திருவொற்றியூர் மடத்தில் சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு அமர்ந்துவிட்டார். கோயிலுக்குப் பொன்னும் கொடுத்தார். கிராமத்தில் கோயில் கட்டிய படைத்தலைவரும் இந்தத் துறவியும் ஒருவரே என்பது அறிஞர்கள் கல்வெட்டுகளை ஒப்பிட்டுக் கண்ட முடிவு. என்னைக் கேட்டால், தக்கோலம் போரைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிக நேர்மையான சாட்சி இவர்தான். வென்றவன் பரிசைப் பொறித்தான், தோற்ற குடும்பம் வீரத்தைப் பொறித்தது. இவர் மட்டும் தான் அங்கே இல்லாமல் போனதைப் பொறித்தார்.

அவர் கதையைச் சொல்லும் திருவொற்றியூர்க் கல்வெட்டின் ஆண்டைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சடைத்தது. கன்னரதேவனின், அதாவது அதே கிருஷ்ணராஜனின், 20ஆம் ஆட்சியாண்டு. போருக்குப் பத்து வருடம் கழித்தும் தொண்டை மண்டலம் ராஷ்டிரகூடன் கையில். தன் இளவரசனைக் கொன்ற அரசின் ஆண்டுக் கணக்கில்தான் அந்த மனிதர் தன் துக்கத்தைப் பதிய வேண்டியிருந்தது.

அடுத்த பயணம் பெங்களூர் அருங்காட்சியகத்துக்கு. ஆதகூர்க் கல் அங்கே இருக்கிறது. பூதுகனின் வீரன் ஒருவன், தக்கோலத்தில் காட்டிய வீரத்துக்குப் பரிசாகக் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு போராடி மாண்டது. அதற்கு நட்ட கல்தான் அது. மறுதரப்பை அதன் எழுத்திலேயே வாசித்த பிறகுதான் இந்தக் குறிப்பேட்டில் தக்கோலத்துக்கு ஒதுக்கிய பக்கங்களை மூடுவேன்.