விலாசம் தந்த யுனிக்ஸ்

பதுளையிலிருந்து பசறை வழியாகச் செல்வோர்க்கு, இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்து முகில் சூடி நிற்கும் நமுனுகுல மலை கண்ணுக்கு விருந்தாகும். அம்மலைச்சாரலில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவில் பிறந்தவன் நான். எனக்குப் பெயருண்டு, ஊருண்டு, நம் கல்லூரி தந்த கல்வியுமுண்டு. இல்லாதிருந்தது ஒன்றே. அது விலாசம்.

தோட்டத்தில் வீட்டுக்கு இலக்கமிட்டுக் கடிதம் வருவதில்லை. எல்லாம் தோட்டத்து ஆபீசுக்கே வரும்; அங்கிருந்து எவர் கையிலேனும் வந்து சேரும். 1996ஆம் ஆண்டு, நேர்முகப் பரீட்சை ஒன்றுக்கு என்னை அழைத்த கடிதம், பரீட்சை முடிந்து ஒன்பது நாட்களின் பின் என் கைக்கு வந்தது. அன்றிரவு எம் வீட்டில் எவரும் உண்ணவில்லை.

மறு ஆண்டு கொழும்பு சென்று, புறக்கோட்டைக் கடையொன்றிற் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தேன். கடையிலே கணினியொன்றும் இணையத் தொடர்பும் இருந்தன. இலங்கையில் வர்த்தக இணையச் சேவை தொடங்கியது 1995இலேதான். ஆகவே அஃது அக்காலத்திற் பெரும் பேறு. "தம்பி, கடை பூட்டிய பிறகு பழகு; ஆனால் லைன் காசு கூடாமல் பார்த்துக்கொள்" என்றார் முதலாளி. அந்தச் சொல்லை நான் இன்றளவும் மறந்திலேன்.

பல்கலைக்கழகத்திற் பயின்ற நம் கல்லூரித் தோழரொருவர் 'நிக்ஸ்பப்' என்னும் பட்டியலை அச்செடுத்துத் தந்தார். பொதுமக்களுக்குக் கதவு திறந்திருந்த யுனிக்ஸ் கணினிகள் எவ்வெவ்வூரில் உள்ளன என்பதை அது கூறிற்று. இரவுதோறும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். சில கட்டணம் கேட்டன, சில மறைந்துவிட்டிருந்தன. ஈற்றில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் 1991இல் தொடங்கப்பெற்ற 'கிறெக்ஸ்' என்னும் கணினி, பணம் கேளாது என்னை ஏற்றது. அந்நகரில் 1983இலேயே 'எம்-நெற்' என்னும் பொது யுனிக்ஸ் தோன்றியிருந்தது. நகரத்தார் தாமே சந்தா சேர்த்து, ஊர்க் கிணறு போல அதனைக் காத்து வந்தனர்.

நிற்க. யுனிக்ஸ் என்பது யாது? 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கிய இயக்க முறைமை அது. ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே வேளையில் ஆளலாம். நாம் தட்டெழுதும் கட்டளையை வாங்கி இயந்திரத்துக்கு உணர்த்தும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். கணக்குப் பெற்ற ஒவ்வொருவர்க்கும் ஓர் இடம் ஒதுக்கப்படும். அவ்விடத்தை 'வீடு' என்றே அழைப்பர். எனக்கு அது விளங்க நேரமாகவில்லை. ஒரே கூரையின்கீழ்ப் பல காம்பராக்கள்; லயமேதான்! வேற்றுமை ஒன்றே: இங்கே கதவுப் பூட்டின் திறவுகோல் என்னிடமிருந்தது, கதவில் என் பெயரிருந்தது, அப்பெயருக்கே கடிதமும் வந்தது.

விடுமுறையில் தந்தையாரிடம் இதனைச் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்து, "கிளாக்கர் ஐயாவுக்குத் தெரியாமல் உனக்குக் கடுதாசி வருமா?" என்று வினவினார். "வரும் அப்பா" என்றேன். அவர் முகத்திற் கண்ட மலர்ச்சி, பின்னர் நான் பெற்ற சம்பளங்கள் எவற்றையும் விடப் பெரிது. அந்த 'வீட்டில்' இருந்தவாறே சி மொழியைக் கற்றேன். அந்த விலாசத்துக்கு வந்த மடலே எனக்கு முதலாவது கணினி வேலையைத் தந்தது.

இலவசமாயினும் அதற்கும் ஆயுளுண்டு. குப்பை மடல் அனுப்புவோரும் குறும்பரும் புகுந்ததால் இத்தகைய நிலையங்கள் பல, விதிகளை இறுக்கின. கிறெக்ஸ் 2023இல் மூடப்பட்டது. எழுதியவற்றை வேறிடத்திற் படியெடுத்து வைத்திருந்தேனாகையால் பிழைத்தேன். நம் மாணவர்க்கு நான் கூறுவது இதுவே: நடத்துவோர் யார், விதி யாது என்று கேட்டறிந்து சேருங்கள், ஒருவர் விட்ட வீட்டை மட்டும் நம்பியிராது, படியொன்றைக் கைவசம் வைத்திருங்கள். 1987இல் தோன்றிய எஸ்டிஎப், 2014இல் போல் போர்ட் தொடங்கிய தில்டே கிளப் போன்றவை இன்றும் வரவேற்கின்றன. அன்று நான் தம்பிக்கு ஆங்கில எழுத்திலே தமிழ் எழுதினேன். தொம்சனும் றொப் பைக்கும் 1992இல் வகுத்த யுடிஎப்-8 குறிமுறை பரவியதால், இன்று அத்திரையில் நம் எழுத்தே நடமாடுகின்றது.

இவ்விழா ஆண்டில் பழைய மாணவராகிய நாம் கட்டடங்கள் எழுப்ப எண்ணுகிறோம், நன்று. அதனோடு, பழைய கணினியொன்றில் செலவின்றிக் கிடைக்கும் லினக்ஸை நிறுவி, மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு கணக்கு வழங்குவோமாக. லயத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அங்கே தன் பெயரில் ஒரு வீடு இருக்கட்டும்.