பூவரசம் பீப்பி

மேல்மலையனூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? அங்காளம்மன், அமாவாசை ஊஞ்சல், நிக்கக்கூட இடம் இல்லாத பஸ்... கரெக்ட்தானே? எனக்கு ஞாபகம் வர்றது, எங்க ஆயா வீட்டு வாசல்ல நின்ன பூவரச மரம்தான். அந்த இலையைச் சுருட்டி, நுனியைக் கிள்ளி, ஆயா பீப்பி ஊதிக் காட்டுவாங்க. அப்புறம் நாங்க தெருவே அதிர ஊதுவோம்!

நான் ஹாஸ்டல்ல இருந்தப்போ, வாசலை அகலப்படுத்தறதுக்காக அந்த மரத்தை வெட்டிட்டாங்க. மிச்சம் இருந்தது, என் நோட்டுக்குள்ள காய்ஞ்சு கிடந்த நாலே நாலு இலைதான்.

அதுங்களும் பொடியாகறதுக்குள்ள ஏதாவது செய்யணுமேன்னு தேடினப்போதான் இலை அச்சு பத்திப் படிச்சேன். இது ஒண்ணும் புதுசு இல்லீங்க. லியனார்டோ டாவின்சியோட குறிப்புகள்லயே ஒரு இலை அச்சு இருக்கு. 1862-ல் மங்களூர் பாசல் மிஷன் அச்சகம், தென்னிந்தியச் செடிகளை வெச்சே அச்செடுத்து ஒரு தொகுப்பே வெளியிட்டிருக்கு.

மைக்காகக் கடைக்குப் போகலை. கலம்காரி கலைஞர்கள் கறுப்பு எடுக்கிற ரூட்டைப் பிடிச்சேன். துருப்பிடிச்ச ஆணிகளை வெல்லத் தண்ணியில ரெண்டு வாரம் ஊறப்போட்டேன். கடுக்காயை இடிச்சு, கொதிக்க வெச்சு வடிகட்டினேன். ரெண்டையும் கலந்ததும்... அட, கண்ணெதிர்லயே கன்னங்கரேல்! கெட்டியாக கொஞ்சம் கருவேலம் பிசின். இன்னொரு கிண்ணத்துல மஞ்சளும் சுண்ணாம்பும். அதாங்க, நம்ம ஆரத்திச் சிவப்பு.

முதல் இலைக்கு மை அதிகமாகி வெறும் திட்டுதான் விழுந்தது. ரெண்டாவது கையிலேயே நொறுங்கிடுச்சு. அதுக்கப்புறம்தான் புத்தி வந்தது. ஈரத்துணிக்கு நடுவுல வெச்சு இலையைப் பதமாக்கணும். நரம்பு புடைச்சிருக்கிற பின்பக்கத்துல, துணிப் பந்தால லேசா ஒத்தி ஒத்தி மை வைக்கணும். மூணாவது இலையை ஆரத்திச் சிவப்புல எடுத்து ஜன்னல் ஓரமா மாட்டினேன். மஞ்சளுக்கு வெயில் ஆகாது. ரெண்டு மாசத்துல வெளுத்துப்போச்சு. நாலாவது, கடுக்காய்க் கறுப்புல. ஒவ்வொரு நரம்பும் பளிச்சுனு விழுந்தது!

அதை எடுத்துக்கிட்டு ஊருக்கு ஓடினேன். இப்போல்லாம் ஆயாவுக்கு யாரையும் அடையாளம் தெரியலை. என்னையே, "நீ யாரு வூட்டுப் புள்ள?"ன்னு கேட்டாங்க. ஒண்ணும் சொல்லாம காகிதத்தை அவங்க மடியில வெச்சேன். விரலால நரம்பைத் தடவினாங்க. ரொம்ப நேரம். அப்புறம் என்ன பண்ணாங்க தெரியுமா? காகிதத்தைச் சுருட்டி, நுனியைக் கிள்ளி, வாயில வெச்சு ஊதினாங்க!

சத்தம் வரலை. என்னைப் பார்த்து, "பச்ச எலயா எடுத்துக்கினு வா"ன்னு ஒரு அதட்டல்.

இருந்த ஒரே நல்ல அச்சு கசங்கிப்போச்சு. ஆனா, நான் சிரிச்சுக்கிட்டே ஏரிக்கரைக்கு ஓடினேன். பச்சை இலையில ஆயா ஊதினாங்க பாருங்க... எதிர்வீட்டுக்காரங்க வெளிய வந்து எட்டிப் பார்த்தாங்க! என் பேரு கடைசிவரை அவங்க ஞாபகத்துக்கு வரலை. பீப்பி ஊத மறக்கலையே, அது போதும்.

எங்க ஊர்ல இருந்து சுமார் 20 கிலோமீட்டர்ல இருக்கு செஞ்சிக் கோட்டை. 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல இடம் பிடிச்சிடுச்சு. சந்தோஷம்! ஆனா, ஆயா வீட்டு வாசல் மரத்தை எந்தப் பட்டியல்லயும் யாரும் சேர்க்கப்போறதில்லை. அதை நாமதான் பார்த்துக்கணும்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனா, உங்க வாசல் மரத்துல ஒரு இலை பறிச்சு அச்செடுங்க. கூடவே உங்க ஆயாவையும் பக்கத்துல உட்காரவெச்சுக்கிட்டு, அந்த மரத்தோட கதையைக் கேளுங்க. அச்சு சரியா வரலைன்னாலும் கதை கிடைக்கும்.

அப்புறம், பூவரசு போத்து நட்டாலே துளிர்க்கும். ஏரிக்கரை மரத்துல இருந்து ஒண்ணு வெட்டிட்டு வந்து ஆயா வீட்டுப் பின்பக்கம் நட்டிருக்கேன். இப்போ மூணு இலை விட்டிருக்கு. இன்னும் ஒண்ணைக்கூடப் பறிக்கலை!